செவலையின் இடது முன்சக்கரம்

தெஸ்லெமின் பிக்கப்பை ஊரில் யாரும் வண்டி என்று சொல்வதில்லை. செவலை என்பார்கள். செவலை கிளம்பிடுச்சா, செவலைல இடம் இருக்கா, இப்படித்தான் கேட்பார்கள். பெயின்ட் உதிர்ந்து, கதவைத் துரு தின்று, ஒரு பக்க விளக்கு அவிந்துபோன சிவப்பு வண்டி. ஆனாலும் மம்கார் என்கிற அந்த மீனவ ஊரில் ஒரு பெண்ணின் பெயரில் இருந்த ஒரே வண்டி அதுதான். அது வருவதற்கு முன்னால், மடவை மீனைக் கிழித்துக் காயவைப்பதும் தலையிலிருந்து எண்ணெய் எடுப்பதும் பெண்கள், கொண்டுபோய் விற்பது மஹம் என்கிற வியாபாரி. அவன் லாரி வருகிற நாள்தான் நாள். அவன் சொல்கிற விலைதான் விலை. மூட்டையை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்து, "இது பழசு, அது ஈரம்" என்று அவன் அடுக்குவதைப் பதினோரு வீட்டுப் பெண்களும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்பார்கள். செவலை வந்ததும் அந்தச் சங்கதி ஒழிந்தது. புருஷனை விட்டு வந்தபோது தெஸ்லெமிடம் இருந்த நகையெல்லாம் அந்த வண்டியாகிவிட்டது. வண்டி போனால் மறுபடியும் மஹம் முன்னால்தான் போய் நிற்கவேண்டும். இதைத் தினம் ஒரு தடவையாவது அவள் நினைத்துக்கொள்வாள்.

அன்றைக்கும் விடியல் தொழுகை முடிந்த கையோடு கிளம்பினார்கள். சந்தை இருக்கிற தலைநகர் நுவாக்சோத்துக்குத் தனியாக ரோடு கிடையாது, கடற்கரைதான் ரோடு. நீர் வற்றிக் கிடக்கிற நாலைந்து மணி நேரம் ஈர மணல் கல்லு மாதிரி இறுகியிருக்கும், அதன் மேல் பறந்துவிடலாம். ஓதம் ஏறத் தொடங்கிவிட்டால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கால் புதையும் மணல் மேடு. டிரைவர் ஸாலெக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அன்றைய ஓதம் எத்தனை மணிக்கு என்று சொல்லுவான். நாற்பது வயது. வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். முன்னால் அவனும் தெஸ்லெமும். பின்னால் மீன் மூட்டைகள், எண்ணெய் ஜாடிகள், அவற்றின் மேல் சவாரியாக யார்பா மாமா. கண் டாக்டரைப் பார்க்கப் போகிற கிழவர். எதிரில் நிற்பது ஆளா ஒட்டகமா என்று அவருக்குத் தெரியாது, ஆனால் டீ போடுவதில் அவரை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. சின்ன அடுப்பு, கெட்டில், மூன்று கண்ணாடித் தம்ளர் இல்லாமல் மனுஷன் வாசலைத் தாண்டமாட்டார்.

கிளம்பும்போதே ஒரு ஜாடியின் மூடி திறக்க வரவில்லை. மடவை எண்ணெய் அப்படித்தான். ஜாடிக்குள் இருக்கிறவரை தங்கம். விளிம்பில் வழிந்து காற்றுப் பட்டுவிட்டால் பிசினாகி மூடியைப் பிடித்துக்கொள்ளும். தெஸ்லெம் யார்பா மாமாவின் கெட்டிலை வாங்கி, மூடியைச் சுற்றி வெந்நீர் விட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டித் திறந்தாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மூடி வண்டியில் ஏற்றினாள்.

எட்டு மணி வாக்கில் பாதி வழியில் வெடித்தது டயர். ஏதோ உடைந்த படகின் பலகை, அதில் ஆணி. இடது முன்சக்கரம். ஸாலெக் இறங்கிப் பார்ப்பதற்குள் டயர் நார் நாராகக் கிழிந்து, இரும்பு மணலில் இறங்கியிருந்தது.

"பயப்படாதீங்க. ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இருக்கு, நான் இருக்கேன்" என்றான் ஸாலெக்.

"நீ இருக்கிறதுதான்டா எனக்குப் பயம்" என்றார் மூட்டை மேலிருந்து யார்பா மாமா.

பலகை போட்டு ஜாக்கியை ஏற்றினான். ஐந்து நட்டும் சமர்த்தாகக் கழன்று வந்தன. சக்கரம்தான் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். உட்கார்ந்து குதிகாலால் ஒரு உதை விட்டான். நட்டே இல்லாத சக்கரம் அச்சு முனையிலிருக்கிற ஹப்போடு ஹப்பாக ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"லேசா பிடிச்சிருக்கு. கிரீஸ் வெச்ச சக்கரம்தானே, எங்க போயிடப் போவுது. நாலு தட்டுத் தட்டினா வந்துரும்."

அதற்குள் யார்பா மாமா இறங்கி, காற்றுக்கு மறைவாக அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அந்த ஊரில் வண்டி எதற்காக நின்றாலும் சரி, நின்றால் டீ. டீ என்றால் மூன்று தம்ளர். ஒன்றோடு எழுந்துபோகிறவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. கடல் எங்கேயோ தூரத்தில் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. ஸாலெக்கும் கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"நீ ஏன்க்கா பேயறைஞ்ச மாதிரி இருக்க? சக்கரம் என்ன அங்கயே வேர் விட்டுடுச்சா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் தெஸ்லெம்.

ஒண்ணுமில்லையாம். அந்த ஹப்பில் கிரீஸ் இல்லை. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கடற்கரையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீசனுக்கு ஒருதரம் சக்கரத்தைக் கழற்றி, ஹப்பில் ஏறிய துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, விரல் நுனியில் கிரீஸ் தொட்டு மெல்லிசாகப் பூசி மாட்டுவார்கள். விட்டுவிட்டால் உப்புத் தண்ணீரும் துருவும் சேர்ந்து சக்கரத்தையும் ஹப்பையும் ஒரே இரும்பாக்கிவிடும். பத்து வாரத்துக்கு முன்னால் ஸாலெக் இந்த இடது சக்கரத்தைக் கழற்றித் துருவைத் தேய்த்து முடித்த நேரத்தில் கரையிலிருந்து சத்தம் வந்தது: மடவை வந்துடுச்சு. அந்தச் சத்தம் கேட்டால் மம்காரில் கல்யாண மாப்பிள்ளையும் வலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு ஓடுவான். "அக்கா, கிரீஸை மட்டும் பூசி வை" என்று கத்திவிட்டு ஸாலெக்கும் ஓடிவிட்டான்.

அவளுக்குக் கிரீஸ் டப்பாவைக் கண்டாலே ஆகாது. முந்தின வருஷம் வண்டியில் டப்பா கவிழ்ந்து ஒரு மூட்டையில் ஊறிப்போய், சந்தையில் நாலு பேர் முன்னால் மஹம் அந்த மீனைத் தூக்கிப் போட்டான். "உன் மீன் லாரிக்காரன் கை மாதிரி நாறுது தெஸ்லெம்" என்றான். சந்தையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவள் காதைவிட்டுப் போகவில்லை. டப்பாவை மூலையில் தள்ளிவிட்டு, தன் கையால் எடுத்த மடவை எண்ணெயைக் கொண்டுவந்து ஹப் முழுக்க ஊற்றி ஊற்றிப் பூசினாள். நெஞ்சுச் சளிக்கு அது, குழந்தை உடம்புக்கு அது, படகுப் பலகைக்கு அது, இரும்புக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நட்டை விரலால் திருகியும் வைத்துவிட்டாள். இருட்டுகிற நேரத்துக்கு ஸாலெக் நனைந்து வந்தான்.

"வெச்சியாக்கா?"

"வெச்சேன்."

அவன் நட்டை இறுக்கிவிட்டுப் போனான். அப்புறம் மீன் சீசன், தினம் ஓட்டம். கிரீஸ் வைத்த சக்கரம் ஒரு சீசன் தாங்கும் என்று அவன் அந்தப் பக்கம் கை வைக்கவே இல்லை. அவள் பொய்யும் சொல்லவில்லை பாருங்கள். வெச்சேன் என்றாள், அவ்வளவுதான். எதை என்று அவன் கேட்கவில்லை.

இப்போது சொல்லியிருக்கலாம். முதல் தம்ளர் கையில் இருந்தபோதே, ஸாலெக், அது கிரீஸ் இல்லடா என்று நாலு வார்த்தை. வாய்வரை வந்தது. நாலு தட்டில் வந்துவிடும் என்கிறானே, வந்துவிட்டால் எதற்கு வெட்கக்கேடு என்று விழுங்கிவிட்டாள்.

மூன்றாவது தம்ளர் முடிந்து ஸாலெக் சுத்தியலும் கட்டையுமாக வண்டிக்கு அடியில் நுழைந்தான். உள்பக்கமிருந்து ரிம்மில் கட்டையை வைத்து அடித்தான். சுற்றிச் சுற்றி அடித்தான். வண்டிதான் ஆடியது.

அந்த நேரத்தில் வடக்கேயிருந்து மஹமுடைய லாரி வந்தது. பக்கத்தில் வந்து நிதானமாக நின்றது. மஹம் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன தெஸ்லெம், செவலை நொண்டுதா?"

"பஞ்சர்" என்றாள்.

"எங்கிட்ட கயிறு இருக்கு. கட்டி அந்த மேட்டுக்கு இழுத்துப் போட்டுட்டுப் போறேன். அப்புறம் நாள் பூரா உக்காந்து கழட்டுங்க."

அவன் நல்ல மனசோடுதான் கேட்டான், அதையும் சொல்லிவிடவேண்டும். கடற்கரையில் நிற்கிற வண்டியை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை, எதிரியுடையதாக இருந்தாலும்.

"வேண்டாம் ஹாஜி" என்று அடியிலிருந்து குரல் கொடுத்தான் ஸாலெக். "கிரீஸ் வெச்ச சக்கரம். அஞ்சு நிமிஷ வேலை."

"நீ சொல்லு தெஸ்லெம். வண்டி உன்னுது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சந்தையில் சிரித்த அதே முகம். இவன் முன்னால் எப்படிச் சொல்வது? உன் பேச்சுக்குப் பயந்து வண்டிச் சக்கரத்துக்கு மீன் எண்ணெய் பூசினேன் என்றா? நாளைக்கு நுவாக்சோத் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

"டிரைவர்தான் வேண்டாங்கிறாரே" என்றாள்.

"சரி. ஓதம் எனக்காகவும் நிக்காது" என்று மஹம் போய்விட்டான். லாரி சின்னதாகிச் சின்னதாகி மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடு, கூப்பிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஸாலெக் அடித்த அடிக்குக் கணக்கில்லை. கட்டை பிளந்தது. கைமுட்டி தோலுரிந்தது. வெளியே வந்து மூச்சு வாங்கினான்.

"எனக்குப் புரியலக்கா. கிரீஸ் வெச்சது இப்படிப் பிடிக்கவே பிடிக்காது."

"நீ துருவை ஒழுங்கா எடுத்திருக்கமாட்ட" என்றாள் தெஸ்லெம்.

இதை அவள் சொன்னாள். அன்றைக்கு அவள் செய்ததிலெல்லாம் கேடுகெட்டது இதுதான், என்னைக் கேட்டால். ஸாலெக் அடிபட்ட முகத்தோடு அன்றைக்குப் பிரஷ் பிடித்த தன் கையைப் பார்த்தான். உண்மையாகவே எங்கேயாவது விட்டுவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டு மறுபடி அடியில் நுழைந்தான். கடல் சத்தம் இப்போது கிட்டத்தில் கேட்டது. யார்பா மாமா காதை அந்தப் பக்கம் சாய்த்தார்.

"ஓதம் திரும்பிடுச்சு. கண்ணு தெரியாதவன் சொல்றேன், கேட்டுக்கோங்க."

முதல் அலை நாக்கு இருபது அடி தள்ளி மணலை நக்கிவிட்டுப் போனபோதுதான் அவள் வண்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள்.

"ஸாலெக். அது கிரீஸ் இல்ல."

"எது?"

"ஹப்புல. நான் வெச்சது கிரீஸ் இல்ல. எண்ணெய். நம்ம எண்ணெய்."

சுத்தியல் சத்தம் நின்றது. அவன் வெளியே வந்து மணலைத் தட்டிக்கொண்டான். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"மஹம் கயிறு இருக்குன்னு சொன்னப்ப சொல்லியிருக்கலாமேக்கா" என்றான்.

"ஆமா."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா தட்டிக்கிட்டே நேரத்தைப் போக்கியிருக்கமாட்டேன். அதுக்கு வேற வழி இருக்கு."

அந்த வழி இதுதான். நட்டுகளைத் திரும்ப மாட்டி இரண்டு சுற்றுத் தளர்த்தியே விட்டுவிட்டு, வண்டியை இறக்கி, பத்தடி முன்னால் ஓட்டிப் பிரேக் அடி, பத்தடி பின்னால் ஓட்டிப் பிரேக் அடி. வண்டியின் பாரமே சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடும். ரொம்ப நேரம் ஓட்டினால் போல்ட் முறியும், அதனால் அளவோடு செய்யவேண்டும். கெட்டியான மணலில் நாலு தடவையில் முடிகிற காரியம். காலையில் அந்த மணல் இருந்தது.

அவன் ஜாக்கியை இறக்கி ஸ்டார்ட் செய்தான். முதல் தடவை வண்டி நகர்ந்தது. பிரேக் போட்டான். பின்னால் எடுத்தான். இரண்டாவது தடவை அலை வந்து சக்கரத்துக்கு அடியில் நுரையாக ஓடித் திரும்பியது, போகும்போது மணலையும் இழுத்துக்கொண்டு போனது. செவலை முனகியது. டயர் இல்லாத இரும்பு மண்வெட்டி மாதிரி இறங்கியது. மூன்றாவது தடவை நகரவில்லை. பின்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டன.

"இறங்கு ஸாலெக்" என்றாள் தெஸ்லெம்.

"இன்னும் ஒருதரம்க்கா."

"இறங்குடா. மூட்டையையாவது எடுப்போம்."

முழங்கால் தண்ணீரில் மூட்டைகளையும் ஜாடிகளையும் மேட்டுக்குச் சுமந்தார்கள். யார்பா மாமா கையால் தடவிக்கொண்டே தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கடைசி ஜாடியை எடுத்தபோது தண்ணீர் கதவுக்குள் வந்திருந்தது. அப்புறம் மூன்று பேரும் மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறென்ன செய்ய முடியும். அலை ஒவ்வொன்றும் கடல் பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் தோண்டியது. செவலை மெல்ல மெல்ல வலது பக்கம் சாய்ந்தது. நடுப்பகலுக்குப் பிறகு கூரைதான் தெரிந்தது, சிவப்பாக. தெஸ்லெம் ஒரு சொட்டு அழவில்லை. முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பதினோரு வீட்டுப் பெண்களின் முகத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்களிடம் என்ன சொல்வது என்று ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

சூரியன் இறங்கும்போது கடலும் இறங்கியது. போய்ப் பார்த்தார்கள். வலது பக்கம் ஜன்னல்வரை மணலுக்குள். இன்ஜினுக்குள், சீட்டுக்குள் எல்லாம் மணல். இதற்கு மேல் யார் கயிறு கட்டினாலும் அது வராது, அடுத்த ஓதத்தில் கூரையும் மூடிவிடும். இடது முன்சக்கரம் மட்டும் சாய்ந்த வாக்கில் இடுப்பு உயரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது, இன்னும் ஹப்பை விடாமல்.

மேட்டில் யார்பா மாமா மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். துக்கம் என்றாலும் டீ. கெட்டில் மூடி கடகடவென்று ஆடத் தொடங்கியதும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த தெஸ்லெமுக்குக் காலையில் திறந்த ஜாடி ஞாபகம் வந்தது. எழுந்து கெட்டிலைத் தூக்கினாள்.

"அது டீக்கு வெச்ச தண்ணிம்மா" என்றார் யார்பா மாமா.

"தெரியும் மாமா."

நேராகப் போய், சக்கரத்தின் நடுவில் ஹப்பைச் சுற்றி வெந்நீரை விட்டாள். ஜாடிக்கு விடுவதுபோலவே, அவசரப்படாமல், விளிம்போடு விளிம்பாக. ஆவி எழுந்தது. ஆவியோடு மடவை எண்ணெய் வாசனை, அவள் வீட்டு வாசனை, குப்பென்று வந்தது. கெட்டில் காலியாகிறவரை ஊற்றினாள். பிறகு உள்ளங்கையால் ரிம்மில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தட்டுத் தட்டினாள்.

லொடக் என்றது.

ஸாலெக் ஓடிவந்தான். தளர்ந்திருந்த ஐந்து நட்டையும் விரலாலேயே திருகி எடுத்தான். சக்கரம் அவன் கைக்கு வந்தது. ஹப்பில் வட்டமாக, தேன் நிறத்தில், பிசின் பளபளத்தது. அதை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான். சக்கரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"காலையில டீக்கு மூணு தடவை தண்ணி கொதிச்சுதுக்கா" என்றான்.

"மூணு தடவை" என்றாள் தெஸ்லெம். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நான்தான் ஸாலெக். உன் கையில குத்தம் இல்ல. இதைக் கொன்னது நான்தான்."

அவன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய் மீன் மூட்டைகளின் மேல் சாய்த்து வைத்தான்.

"நாளைக்குக் காலையில நீர் வத்தினதும் மஹம் இந்த வழியாத்தான் திரும்புவான்" என்றான் அங்கிருந்தே. "மூட்டையை அவன்கிட்டதான் குடுக்கணும். வேற வழியில்ல."

"சரி" என்றாள்.

காலி கெட்டிலோடு மேலே ஏறி வந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஹம் வருவான். இறங்கி ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்து பார்ப்பான். அவன் என்ன விலை சொன்னாலும் அவள் சரி என்பாள்.